கைகாட்டி முதல் சாளரம் வரை: ஒரு தடத்துக்கு ஒரே உரிமையாளர்

தமிழில் ‘முனையம்’ என்னும் ஒரே சொல் இரு பொருள்களில் வழங்குகிறது. ரயில் வந்து முடியும் பெருநிலையமும் முனையம். கணினிக்குக் கட்டளைகளைத் தட்டச்சிடும் இடமும் முனையம். இவ்விரண்டும் நெருங்கி வாழும் நகரம் பெங்களூரு. இரண்டிலும் ஒரே சிக்கல் வெவ்வேறு காலங்களில் எழுந்தது என்பதும், முதலாவது முனையம் கண்ட தீர்வை இரண்டாவது முனையம் கடன் வாங்கியது என்பதும், கடன் வாங்கியபோது ஒரு முக்கியமான உறுப்பை விட்டுவிட்டது என்பதும் அவ்வளவாகப் பேசப்படாத வரலாறு.

சிக்கலை முதலில் எளிமையாகச் சொல்லிவிடலாம். ஒரு பணியாளரின் கணினியில் மூன்று முனையச் சாளரங்கள் திறந்திருக்கின்றன. ஒன்று சோதனைக் கணினியோடும், மற்றொன்று வாடிக்கையாளரின் உண்மையான தரவு இருக்கும் கணினியோடும், மூன்றாவது அலுவலகக் கோப்பகத்தோடும் இணைந்துள்ளன. அன்றாட வேலைகளைத் தானாகச் செய்து முடிக்க இரண்டு குறுநிரல்கள் எழுதப்பட்டுள்ளன. இரண்டும் மனிதரைப் போலவே சாளரத்தில் எழுத்துகளைத் தட்டச்சிடுகின்றன. முதல் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது தொடங்குகிறது; தொடங்கியவுடன் தனக்கென ஒரு சாளரத்தை முன்னுக்குக் கொண்டுவருகிறது. முதல் நிரல் அதை அறியாது. தன் சாளரம் இன்னும் முன்னே இருப்பதாக எண்ணி அடுத்த கட்டளையை அனுப்புகிறது. சோதனைத் தரவை அழிக்க எழுதப்பட்ட கட்டளை உண்மைத் தரவின் மேல் விழுகிறது. இரு நிரல்களையும் தனித்தனியே ஆராய்ந்தால் எதிலும் பிழை தென்படாது. பிழை அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் இருக்கிறது.

இந்த இடைவெளிப் பிழையை மனிதகுலம் முதன்முதலில் பேரளவில் சந்தித்தது இருப்புப்பாதையில்.

ஒற்றைத் தடமும் ஒரு தந்தியும்

ஒக்கலிபுரம் பெங்களூரு நகர ரயில் நிலையத்தை ஒட்டிய பழைய குடியிருப்பு. சென்னை செல்லும் பாதையும் துமகூரு செல்லும் பாதையும் அதன் அருகே பிரிகின்றன. அவ்விரு பாதைகளின் பாலங்களுக்குக் கீழேதான் அங்குள்ள சாலைப் போக்குவரத்து இன்றும் நுழைந்து செல்கிறது. 1864இல் சென்னை ரயில்வே ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூரு கண்டோன்மென்ட் வரை அகலப்பாதையைக் கொண்டுவந்தது. 1880களில் மைசூரை நோக்கியும் துமகூருவை நோக்கியும் மீட்டர் பாதைகள் நீண்டன. ஆலைத் தொழிலாளரும் ரயில்வேத் தொழிலாளருமாகத் தமிழ்க் குடும்பங்கள் பல ஒக்கலிபுரத்திலும் ஸ்ரீராமபுரத்திலும் குடியேறின. அப்பகுதிகளின் அன்றாட வாழ்வில் கைகாட்டி மரமும் கொடியும் விளக்கும் கலந்திருந்தன.

அக்காலப் பாதைகள் பெரும்பாலும் ஒற்றைத் தடங்கள். எதிரெதிர்த் திசைகளில் வரும் இரு வண்டிகள் ஒரே தண்டவாளத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆகவே ஒவ்வொரு நிலையத்திலும் எழும் கேள்வி ஒன்றே: இந்த நொடியில் இந்தத் தடம் யாருக்குச் சொந்தம்?

தொடக்கத்தில் இக்கேள்விக்கு விடையளித்தது கால அட்டவணை. அட்டவணை தவறும்போது தந்தி. தந்தியின் போதாமையை இங்கிலாந்தில் நேர்ந்த ஒரு விபத்து உலகுக்குக் காட்டியது. 1874 செப்டம்பர் 10ஆம் நாள் இரவு, நார்விச் நகரின் தோர்ப் நிலையத்தில் லண்டனிலிருந்து வரவேண்டிய விரைவு வண்டி தாமதமானது. அதற்காகக் காத்திராமல், எதிர்ப்புறமுள்ள பிரண்டல் நிலையத்திலிருந்து அஞ்சல் வண்டியை வரச்சொல்லலாமா என்ற எண்ணம் எழுந்தது. அதற்கான தந்தி எழுதப்பட்டது. ஆனால் கையொப்பம் இடப்படவில்லை. கையொப்பமில்லாத தந்தியை அனுப்பக் கூடாது என்பது விதி. எனினும் அது அனுப்பப்பட்டுவிட்டது. அதற்குள் தாமதமான விரைவு வண்டி வந்து சேர்ந்தது; அனுப்பிய தந்தியை நினைவில் கொள்ளாமல் அதற்கும் பச்சைக்கொடி காட்டப்பட்டது. முந்தைய தந்தியை நீக்க அவசரமாக மற்றொரு தந்தி சென்றபோது, அஞ்சல் வண்டி புறப்பட்டுவிட்டது என்ற பதிலே வந்தது. இரு வண்டிகளும் நேருக்கு நேர் மோதின. 25 பேர் மாண்டனர்.

இதில் தொடர்புடையோர் எவரும் தீய எண்ணம் கொண்டவரல்லர். ‘தடம் காலியாக உள்ளதா’ என்று பார்த்த கணத்துக்கும், ‘தடத்தை எடுத்துக்கொள்கிறேன்’ என்று செயல்பட்ட கணத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது; அந்த இடைவெளிக்குள் வேறொருவர் அதே தடத்தை எடுத்துக்கொண்டார். கணினி அறிவியலில் இன்று இதற்குப் ‘போட்டி நிலை’ என்று பெயர். பெயர் பிறப்பதற்கு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே அதன் விலை உயிர்களால் கொடுக்கப்பட்டது.

பந்தில் பொறித்த பெயர்

இவ்விபத்துக்குப் பின் எட்வர்டு டையர் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1878இல் மின்வில்லைக் கருவியை உருவாக்கினார். ஒற்றைத் தடப் பகுதியின் இரு முனைகளிலும் உள்ள நிலையங்களில் மின்கம்பியால் இணைக்கப்பட்ட இரு பெட்டிகள் இருக்கும். ஒரு பெட்டியிலிருந்து ஒரு வில்லையை எடுத்துவிட்டால், அது இரு பெட்டிகளில் ஒன்றுக்குள் திரும்பப் போடப்படும்வரை எந்தப் பெட்டியிலிருந்தும் மற்றொரு வில்லை வெளிவராது. வில்லையைக் கையில் பெறாமல் ஓட்டுநர் அப்பகுதிக்குள் நுழையக் கூடாது. பார்ப்பதும் எடுப்பதும் ஒரே செயலாயின. இடைவெளி மூடப்பட்டது.

இந்திய ரயில்வேயில் இக்கொள்கை நீலின் பந்து டோக்கன் கருவி வாயிலாகப் பரவியது. இரும்புப் பந்து தோல்பையில் இடப்பட்டு, பெரிய வளையத்தில் கோக்கப்பட்டு, ஓடும் வண்டியின் ஓட்டுநரிடம் நிலையப் பணியாளர் கைநீட்டிக் கொடுக்கும் காட்சியை மூத்த தலைமுறையினர் நன்கு அறிவர்.

அப்பந்தில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. எந்த இரு நிலையங்களுக்கு இடையே அது செல்லும் என்பது அதன்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதுமட்டுமன்று, அடுத்தடுத்த பகுதிகளின் பந்துகள் வெவ்வேறு வடிவ வெட்டுகள் கொண்டவை. ஒரு பகுதியின் பந்து அடுத்த பகுதியின் கருவிக்குள் நுழையாது. எழுத்தறியாதவரும், இருட்டில் கையால் தடவிப் பார்ப்பவரும்கூட ஒன்றை மற்றொன்றாக மயங்க முடியாதபடி உரிமையும் அடையாளமும் ஒரே பொருளில் பிணைக்கப்பட்டிருந்தன. ‘ஒருவருக்கு மட்டும்’ என்பது இப்பொறியின் ஒரு பாதி. ‘இந்தத் தடத்துக்கு மட்டும்’ என்பது மறுபாதி.

பந்து தொலைந்தாலோ கருவி பழுதானாலோ என்ன செய்வது என்பதற்கும் விதி இருந்தது. இரு நிலைய அதிகாரிகளும் தொலைபேசியில் பேசி, ஒருவருக்கொருவர் ரகசிய எண்களைச் சொல்லிக்கொண்டு, அந்த எண்ணை ஏட்டில் குறித்து, ‘பேப்பர் லைன் கிளியர்’ என்னும் எழுத்துச் சீட்டை ஓட்டுநரிடம் தரவேண்டும். சாதனம் தோற்றாலும் உரிமை வாய்மொழியாகக் கைமாறாது.

ஒரு வண்டி, ஒரு பேரேடு

தடத்துக்கு இருந்த இந்த ஒழுங்கு முன்பதிவு அறையிலும் வேறு வடிவில் நிலவியது. கணினி வருவதற்கு முன் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பேரேடு உண்டு. குறிப்பிட்ட வண்டியின் பேரேடு குறிப்பிட்ட சாளரத்தில்தான் இருக்கும். ஆகவே மக்கள் அந்தச் சாளரத்தின் முன் வரிசையில் நின்றனர். தொல்லை மிகுந்த ஏற்பாடு அது. ஆனால் ஒரு படுக்கையை இருவருக்கு விற்கும் பிழை நேர்வது அரிது. பேரேடு ஒன்றே, பேனாவும் ஒன்றே.

1985-86இல் புதுதில்லியில் தொடங்கிய கணினிவழி முன்பதிவு, 1980களின் பிற்பகுதியில் பிற பெருநகரங்களுக்கும் பரவியது. எந்தச் சாளரத்திலும் எந்த வண்டிக்கும் சீட்டு பெறலாம் என்ற வசதி கிடைத்தது. அதே நொடியில் பழைய கேள்வியும் மீண்டது: இரண்டு முனையங்களில் இரண்டு எழுத்தர்கள் ஒரே படுக்கையை நோக்கிக் கைநீட்டினால் அது யாருக்கு? பேரேட்டின் இடத்தில் தரவுத்தளப் பூட்டு வந்து அமர்ந்தது. மக்கள் அதைக் காணவில்லை. வரிசை குறைந்ததை மட்டுமே கண்டனர்.

கைகாட்டி கணினிக்குள் வந்தது

அந்தப் பூட்டின் கோட்பாட்டை வகுத்தவர் நெதர்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. ஒரே நேரத்தில் இயங்கும் பல நிரல்கள் ஒரு பொதுப்பொருளைப் பயன்படுத்தும்போது, ஒரு கணத்தில் ஒன்று மட்டுமே அதைத் தொடும்படி எவ்வாறு உறுதிசெய்வது என்னும் வினாவை 1965இல் அவர் தெளிவான கணிதச் சிக்கலாக வெளியிட்டார். அதற்கு அவர் தந்த கருவியின் பெயரைத் தேட வெகுதூரம் செல்லவில்லை. டச்சு மொழியில் அது ‘ரயில் கைகாட்டி’ என்னும் பொருளுடைய சொல்; ஆங்கிலத்தில் அது ‘செமஃபோர்’ ஆயிற்று. தமிழில் அதற்குக் கைகாட்டி என்றே பெயரிட்டால் வரலாறும் சொல்லோடு சேர்ந்து வரும்.

டைக்ஸ்ட்ராவின் கைகாட்டி ஓர் எண் மட்டுமே. தடத்துக்குள் நுழையும் நிரல் அதைக் குறைக்கிறது. வெளியேறும் நிரல் கூட்டுகிறது. எண் சுழியாக இருந்தால் வருபவர் காத்திருக்க வேண்டும். குறைப்பதும் சோதிப்பதும் பிரிக்க முடியாத ஒரே செயல் என்பதே அதன் உயிர். தோர்ப் நிலையத்தில் திறந்திருந்த இடைவெளி இங்கே கணிதத்தால் மூடப்பட்டது.

ஆனால் கணினி உலகம் இருப்புப்பாதையிடமிருந்து இரவல் பெற்றது பந்தின் ஒரு பாதியை மட்டுமே. ‘ஒருவருக்கு மட்டும்’ என்பது வந்தது. ‘இந்தத் தடத்துக்கு மட்டும்’ என்று வடிவத்திலேயே வெட்டி வைத்த மறுபாதி வரவில்லை. எந்தக் கைகாட்டி எந்தப் பொருளைக் காக்கிறது என்பது நிரல் எழுதுவோரின் நினைவிலும் ஒழுக்கத்திலும் விடப்பட்டது. கைகாட்டியைப் பாராமலே தடத்துக்குள் நுழையும் நிரலைத் தடுக்க அந்த எண்ணால் இயலாது.

தொலைத்தட்டச்சிலிருந்து சாளரம் வரை

யூனிக்ஸ் இயங்குதளம் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவானபோது முனையம் என்பது தொலைத்தட்டச்சுப் பொறி. காகிதச் சுருளில் எழுத்துகளை அடிக்கும் கனத்த இயந்திரம்; ஒரு மேசைக்கு ஒன்று, ஒருவருக்கு ஒன்று. எந்த முனையம் யாருடையது என்ற ஐயத்துக்கு அங்கு இடமில்லை; யார் எதிரே அமர்ந்திருக்கிறாரோ அவருடையது.

ஒரே முனையத்திலிருந்து பல வேலைகளை ஏவும் பழக்கம் வந்தபின் சிக்கல் தலைதூக்கியது. பின்னணியில் ஓடும் நிரலும் முன்னணியில் ஓடும் நிரலும் ஒரே விசைப்பலகையிலிருந்து படிக்க முயன்றால், தட்டச்சிட்ட எழுத்துகளில் சில ஒன்றுக்கும் சில மற்றொன்றுக்கும் போய்ச்சேரும். 1980ஆம் ஆண்டையொட்டி, ஆஸ்திரியாவிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய ஜிம் கல்ப் தொடங்கிய பணியின் வழியே, பெர்க்லி யூனிக்ஸில் ‘வேலைக் கட்டுப்பாடு’ என்னும் ஏற்பாடு இடம்பெற்றது. ஒரு முனையத்துக்கு ஒரு கணத்தில் ஒரே முன்னணிக் குழு. அதன் அடையாள எண்ணை இயங்குதளத்தின் கருவே ஏட்டில் குறித்து வைத்திருக்கும். பின்னணி நிரல் விசைப்பலகையைத் தொட முயன்றால், கரு அதை அங்கேயே நிறுத்திவிடும். நிலைய அதிகாரியும் டோக்கனும் ஒன்றாய் இயங்கிய ஏற்பாடு இது.

எனினும் இச்சட்டத்தில் ஓர் ஓட்டை விடப்பட்டது. விசைப்பலகையிலிருந்து படிப்பதைத்தான் கரு இயல்பாகத் தடுக்கும். திரையில் எழுதுவதைப் பயனர் தனியே கேட்டுக்கொண்டாலன்றித் தடுக்காது. ஆகவே பின்னணி நிரலின் செய்திகள் முன்னணி நிரலின் வரிகளுக்கிடையே வந்து விழுவதை இன்றும் காணலாம். மனிதர் படிக்கும்வரை அது சிறு எரிச்சல் மட்டுமே. திரையைப் படித்து முடிவெடுப்பது மற்றொரு நிரலாக இருந்தால், அந்நிரல் அயலாரின் சொல்லைத் தனக்கு வந்த விடையாக எடுத்துக்கொள்ளும்.

அத்தகைய நிரல்கள் விரைவிலேயே வந்தன. 1990இல் அமெரிக்கத் தர நிறுவனத்தில் பணியாற்றிய டான் லைப்ஸ் ‘எக்ஸ்பெக்ட்’ என்னும் கருவியை வெளியிட்டார். மனிதர் தட்டச்சிடுவது போலவே நிரல் தட்டச்சிடும். திரையில் எதிர்பார்த்த சொல் வரும்வரை காத்திருந்து அடுத்த விடையைத் தரும். அக்கருவி ஒவ்வோர் உரையாடலுக்கும் தனியே ஒரு போலி முனையத்தை உருவாக்கிக்கொண்டது. பிறர் கண்ணில் படாத, பிறர் கை நுழையாத தனித்தடம். சிக்கலுக்குச் சரியான தீர்வு அதுவே. ஆனால் எல்லோரும் அவ்வழியில் செல்லவில்லை.

தொலைபேசிக் கம்பியும் பூட்டுக்கோப்பும்

இந்தியாவில் கணினிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிய காலத்தில் இச்சிக்கல் தொலைபேசிக் கம்பியில் தோன்றியது. 1986இல் தொடங்கப்பட்ட எர்னெட் கல்வி வலையமைப்பில் ஐந்து ஐஐடிகளோடு பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் பங்கேற்றது. அதன் தொடக்ககால மின்னஞ்சல், யூ.யூ.சி.பி. என்னும் முறையில் தொலைபேசி வழியே சென்றது. கணினி மோடம் மூலம் மற்றொரு கணினியை அழைத்து, அஞ்சலைக் கொடுத்து வாங்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டிக்கும்.

இத்தகைய அமைப்புகளில் மோடம் ஒன்று. அதை விரும்பும் நிரல்கள் பல. வெளியே அழைக்கும் நிரல் ஒன்று, உள்ளே வரும் அழைப்புக்காகக் காத்திருக்கும் நிரல் ஒன்று, மனிதர் கையால் இயக்கும் நிரல் ஒன்று. எதிரெதிர்த் திசைகள், ஒற்றைத் தடம். இதற்கு யூனிக்ஸ் வல்லுநர்கள் வகுத்த மரபே பூட்டுக்கோப்பு. கம்பியைப் பயன்படுத்த விரும்பும் நிரல், அக்கம்பியின் பெயரைத் தாங்கிய சிறு கோப்பு ஒன்றைக் குறித்த இடத்தில் உருவாக்கும். அதற்குள் தன் செயல்முறை எண்ணை எழுதிவைக்கும். கோப்பு ஏற்கெனவே இருந்தால் பின்வாங்கும்.

கோப்பின் பெயரில் தடத்தின் அடையாளம், கோப்புக்குள் உரிமையாளரின் அடையாளம். பந்து டோக்கனுக்கு மிக நெருங்கிவந்த ஏற்பாடு இது. ஆயினும் இதிலும் இரு குறைகள் இருந்தன. கோப்பு உண்டா என்று முதலில் பார்த்துவிட்டுப் பிறகு உருவாக்கும் நிரல், தோர்ப் நிலையத்தின் பிழையையே மீண்டும் செய்தது. பார்ப்பதையும் உருவாக்குவதையும் ஒரே அழைப்பாக்கிய பின்னரே அது தீர்ந்தது. மற்றொன்று, நிரல் நடுவில் மடிந்தால் பூட்டு அனாதையாகக் கிடக்கும். உள்ளே எழுதிய எண்ணைக் கொண்டு உரிமையாளர் உயிரோடு உள்ளாரா என்று சோதிக்கலாம். ஆனால் அதே எண் பிற்பாடு வேறொரு நிரலுக்கு வழங்கப்பட்டிருந்தால், இறந்தவரின் பெயரில் அயலார் வாழ்வதாகவே தோன்றும்.

பச்சைத் திரையும் ஓரெழுத்துப் பெயரும்

1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பெங்களூரு மில்லர்ஸ் சாலையில் தன் வடிவமைப்பு மையத்தைத் தொடங்கியது. செயற்கைக்கோள் தொடர்புக் கருவி மாட்டுவண்டியில் கொண்டுசெல்லப்பட்ட செய்தி நகரத்தின் நினைவில் நிலைத்துவிட்டது. இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு நகருடன் நேரடி இணைப்பு ஏற்பட்டது. அதன் உட்பொருள் வண்டியைவிடப் பெரியது. இயக்கப்படும் கணினி ஒரு நாட்டிலும் இயக்கும் கை மற்றொரு நாட்டிலும் இருக்கலாம் என்றாயிற்று. இடையே நின்றது முனையம் மட்டுமே. தவறான முனையத்தில் விழும் ஒரு கட்டளையின் விளைவை, அதைத் தட்டச்சிட்டவர் தம் கண்ணால் காணமுடியாத காலம் அங்கே தொடங்குகிறது.

அதன்பின் வளர்ந்த மென்பொருள் ஏற்றுமதியில் பெரும்பகுதி, மேலைநாட்டு வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வைத்திருந்த பெருங்கணினிகளைப் பேணும் வேலை. அப்பெருங்கணினிகளின் முனையம், ஐபிஎம் 1971இல் அறிமுகப்படுத்திய 3270 வகை. 24 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள், கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்து. மேசைக்கணினிகள் பரவியபோது இப்பச்சைத் திரை ஒரு சாளரமாகச் சுருங்கியது. ஒருவர் ஒரே கணினியில் நான்கைந்து பச்சைத் திரைகளைத் திறந்துவைத்துப் பணியாற்றலானார்.

திரையிலிருந்து திரைக்குத் தரவை எடுத்தெழுதும் வேலை சலிப்பூட்டுவது; எனவே அதை நிரலிடம் ஒப்படைத்தனர். 1980களில் ஐபிஎம் வகுத்த எச்.எல்.எல்.ஏ.பி.ஐ. என்னும் இடைமுகம் இதற்கு உதவியது. அதில் ஒவ்வொரு முனைய அமர்வுக்கும் ஓரெழுத்துப் பெயர் உண்டு: ஏ, பி, சி என. நிரல் ஓரெழுத்தைச் சொல்லி அந்த அமர்வோடு இணையும், எழுத்துகளை அனுப்பும், திரையைப் படிக்கும். பிறர் விசைகள் இடையில் புகாதபடி அமர்வை ஒதுக்கிக்கொள்ளவும், வேலை முடிந்தபின் விடுவிக்கவும் தனித்தனி அழைப்புகளும் இருந்தன. அதாவது டோக்கன் பெட்டி அங்கே வைக்கப்பட்டிருந்தது.

ஆனால் அதைத் திறந்து பந்தை எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மேலும் ‘ஏ’ என்பது எந்தக் கணினி? முதலில் திறக்கப்பட்ட சாளரம் ‘ஏ’. நேற்றுச் சோதனைக் கணினி முதலில் திறந்தது. இன்று உண்மைக் கணினி முதலில் திறந்தது. பெயர் மாறவில்லை, தடம் மாறிவிட்டது. பின்னாளில் விரிதாள் மென்பொருளுக்குள் எழுதப்பட்ட சிறு நிரல்கள் இன்னும் ஒரு படி கீழே இறங்கின. அவை ஓரெழுத்தைக்கூடச் சொல்வதில்லை. ‘இப்போது முன்னே இருக்கும் அமர்வைக் கொடு’ என்றோ, ‘ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பிடித்துக்கொடு’ என்றோ கேட்டன. முதல் வகை வேண்டுகோளுக்கு விடை, பயனர் கடைசியாகச் சொடுக்கிய சாளரம். இரண்டாவது வகைக்கு விடை, பெரும்பாலும் முதலில் பதிவான சாளரம். இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் ஓடினால் இரண்டுக்கும் ஒரே சாளரமே விடையாகக் கிடைக்கும்.

எழுதுவோருக்கு இவ்வழி எளிது. எழுதிய அன்று மேசையில் ஒரே சாளரம்தான் திறந்திருந்தது. ஆகவே நிரல் சரியாக ஓடியது. மாதங்கள் கழித்து, வேறொருவர் மேசையில், வேறொரு நிரலோடு சேர்ந்து ஓடும்போதுதான் அது தடுமாறும். எழுதியவர் அதற்குள் வேறு பணிக்குப் போயிருப்பார்.

பலகை சொன்னதும் தண்டவாளம் செய்ததும்

‘பெயர் ஒன்று, பொருள் வேறு’ என்னும் இப்பிழை கணினித் திரையோடு நின்றுவிடுவதில்லை என்பதற்குக் கர்நாடகத்திலேயே அண்மைச் சான்று உண்டு. 2023 பிப்ரவரி 8ஆம் நாள், யஷ்வந்தபுரத்திலிருந்து தில்லி நோக்கிச் செல்லும் சம்பர்க் கிராந்தி விரைவு வண்டி, மைசூரு கோட்டத்தின் பீரூர் – சிக்கஜாஜூர் பகுதியிலுள்ள ஹொசதுர்கா ரோடு நிலையத்தைக் கடந்துகொண்டிருந்தது. சமிக்ஞை அமைப்பின்படி பாதை உரிய தடத்துக்கே அமைந்திருந்தது. தண்டவாளத்தின் பாயிண்டோ எதிர்த்திசைத் தடத்தை நோக்கித் திரும்பியிருந்தது. லோகோ பைலட் அதைக் கண்ணால் கண்டு வண்டியை நிறுத்தினார். பெருவிபத்து தவிர்க்கப்பட்டது. மறுநாளே தென்மேற்கு ரயில்வேயின் தலைமை இயக்க அதிகாரி, சமிக்ஞைப் பராமரிப்பில் குறுக்குவழிகள் கையாளப்படுவதைக் குறிப்பிட்டு எச்சரிக்கைக் கடிதம் எழுதினார்.

அதே ஆண்டு ஜூன் 2ஆம் நாள், ஒடிசாவின் பாஹாநகா பஜார் நிலையத்தில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டிக்கு முதன்மைத் தடத்துக்கான பச்சை கிடைத்தது; பாயிண்ட் துணைத்தடத்துக்குத் திரும்பியிருந்தது. நின்றிருந்த சரக்கு வண்டியில் அது மோத, 290க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். விசாரணை அறிக்கை சுட்டிய காரணங்களுள் ஒன்று, சமிக்ஞைப் பெட்டிக்குள் இருந்த மின்கம்பிகளின் பெயர்ச்சீட்டுகள் பிழையாக இருந்ததும், அப்பிழை நெடுநாள் கண்டறியப்படாமல் கிடந்ததும் ஆகும். ஒரு கம்பிக்கு மற்றொரு கம்பியின் பெயர். பந்தின் வடிவத்தில் வெட்டி வைத்த அடையாளம் காகிதச் சீட்டாக மாறியபோது இழந்தது எதுவென்று அந்த அறிக்கை காட்டுகிறது.

மறுபாதியைத் திருப்பித் தருதல்

கணினி உலகம் விட்டுவிட்ட மறுபாதியை மீட்கும் முயற்சிகள் நடந்தே வந்துள்ளன. 2007இல் வெளிவந்த டிமக்ஸ் என்னும் முனையப் பகிர்வுக் கருவியில் ஒவ்வொரு பலகத்துக்கும் தனி அடையாள எண் உண்டு. சாளரங்களின் வரிசை மாறினாலும் அவ்வெண் மாறாது. பலகம் மூடப்பட்டாலும் அக்கருவி இயங்கும்வரை வேறொன்றுக்கு அது வழங்கப்படாது. இலக்கைக் குறிப்பிடாமல் விசைகளை அனுப்பும் நிரல், அப்போது நடப்பிலுள்ள பலகத்துக்கே அனுப்பும். அவ்வெண்ணைக் குறிப்பிடும் நிரல், உரிய பலகம் இல்லையென்றால் பிழைச்செய்தி பெற்று நிற்கும். நிற்பதுதான் இங்கே விரும்பத்தக்கது. லினக்ஸ் மேசைகளில் பரவிவரும் வேலாண்டு என்னும் சாளர முறைமையும், ஒரு நிரல் மற்றொரு நிரலின் சாளரத்துக்குள் விருப்பம்போல் தட்டச்சிடுவதை இயல்பாக அனுமதிப்பதில்லை. பழைய தானியக்க நிரல்கள் பல அதில் ஓடவில்லை என்ற முறையீடு உண்டு. வில்லைக் கருவியும் தொடக்கத்தில் வண்டிகளின் வேகத்தைக் குறைக்கவே செய்தது.

இன்று பெங்களூரின் அலுவலகங்களில் ஒரே மேசையில் பல தானியக்க முகவர்கள் ஒரே நேரத்தில் முனையங்களைத் திறந்து கட்டளையிடத் தொடங்கியுள்ளன. மனிதரின் கண் ஒவ்வொரு வரியையும் பார்த்துக்கொண்டிருக்கும் என்ற பழைய நம்பிக்கை தளர்ந்துவருகிறது. ஹொசதுர்கா ரோட்டில் லோகோ பைலட்டின் கண் இருந்தது. அதிகாலை மூன்று மணிக்கு ஆளில்லா அறையில் ஓடும் நிரலுக்கு அந்தக் கண் இல்லை.

ஆகவே இவ்வரலாறு விட்டுச்செல்லும் விதிகள் மூன்று. நிரல் தனக்கென ஒரு முனையத்தைத் தானே உருவாக்கிக்கொள்ளட்டும். பிறர் திறந்துவைத்ததைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். பகிர்ந்தே தீரவேண்டும் என்றால், மாறாத அடையாளத்தைச் சொல்லி, பார்ப்பதும் எடுப்பதும் ஒரே செயலான பூட்டால் அதைக் கைப்பற்றட்டும். கட்டளையை அனுப்புமுன், எதிரே இருப்பது எந்தக் கணினி என்று அந்த முனையத்திடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளட்டும். விடை பொருந்தாவிட்டால் நிற்கட்டும்.

ஒக்கலிபுரத்தின் பாலங்கள் மேல் வண்டிகள் நாள்தோறும் கடந்துகொண்டிருக்கின்றன. கைகாட்டி மரங்கள் போய் வண்ண விளக்குகள் வந்துவிட்டன. இரும்புப் பந்துகளில் பல அருங்காட்சியகங்களுக்குச் சென்றுவிட்டன. ஆனால் அப்பந்தில் பொறித்திருந்த இரு நிலையப் பெயர்கள் சொல்லிவந்த செய்திக்கு வயதாகவில்லை: உரிமை யாருக்கு என்று எழுதுவதோடு, எதன்மேல் உரிமை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.